மேல் அம்புக்குறி

மூடாதீங்க சார், மூடாதீங்க. நான் ஒண்ணும் எட்டிப் பார்க்கலை, சும்மா கண்ணு போயிருச்சு. மடியில லேப்டாப்பைத் திறந்தீங்க, கறுப்புத் திரை வந்துச்சு, வெள்ளை எழுத்துல ஒரு வரி வந்துச்சு, எண்டரைத் தட்டுனீங்க, கடகடன்னு ஓடுச்சு. பஸ்ல சினிமா பார்க்குற ஆளைத்தான் நான் பார்த்திருக்கேன். எனக்கும் அதே வேலைதான் சார். நம்ப மாட்டீங்க. மஞ்சப்பையும் நெத்தியில பட்டையுமா உக்காந்திருக்கிறவனைப் பார்த்தா யாருக்குத்தான் நம்பத் தோணும்?

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வரியை நீங்க அடிக்கலை, மேல் அம்புக்குறியைத் தட்டி பழைய வரியை வரவழைச்சீங்க, இல்லையா? பார்த்தேன் சார். அதைத் தட்டாதீங்க. சிரிக்கிறீங்க, சிரிங்க. பட்டவன் சொல்றேன், அவ்வளவுதான்.

நமக்கு திண்டுக்கல். பேரு தெய்வேந்திரன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு திருமணத் தகவல் மையம், அதுல கம்ப்யூட்டர் பார்க்குறேன். காந்திமதின்னு ஒரு மேடம் நடத்துறாங்க. மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு ரெண்டு பக்கமும் ஜாதகத்தைக் கொண்டாந்து கொடுத்துட்டுப் போவாங்க. முன்னெல்லாம் மேடமே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நட்சத்திரம், ராசி, வயசு எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, ஆளாளுக்கு போன் போடுவாங்க. நான் வந்தப்புறம் அதுக்கு ஒரு புரோகிராம் எழுதுனேன். தினமும் காலையில கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடிக்கணும். அடிச்சா, அன்னிக்கு யாருக்கு யார் பொருந்துறாங்கன்னு வரிசையா வரும். பார்த்துட்டு 'ஆம்'னு அடிச்சா அந்தந்த வீட்டு செல்போனுக்கு விவரம் போயிரும். அவ்வளவுதான் வேலை. கேக்குறதுக்கு லேசா இருக்கும்.

எழுதுனது பைத்தான்ல. அந்தப் பேரைச் சொன்னதும் மேடம் அர்த்தம் கேட்டாங்க, நானும் வெள்ளந்தியா மலைப்பாம்புன்னு சொல்லிப்புட்டேன். நாகதோஷ ஜாதகமா வந்து குவியுற இடம் சார் அது. அன்னிக்கே கம்ப்யூட்டருக்கு மஞ்சள் குங்குமம் வச்சாங்க. அந்தப் பேரை ஆபீஸ்ல யாரும் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. அதனால 'அதை ஓட்டியாச்சா?'ன்னுதான் கேப்பாங்க. நானும் 'அதை ஓட்டியாச்சு மேடம்'பேன்.

பட்டன் வச்சுக் கொடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. வச்சிருக்கலாம். ஆனா தினம் ஒரு தேவை வருது. இன்னிக்கு இந்த ஜில்லா மட்டும் போதும்பாங்க, நாளைக்கு வயசு வித்தியாசம் கூட இருக்கலாம்பாங்க. அதையெல்லாம் அந்த வரியிலேயே ஒண்ணொண்ணா சேர்த்துக்கிட்டே போனேன். கடைசியில அது அனுமார் வாலாட்டம் ஆகிப்போச்சு. ரெண்டு வசதி ரொம்ப நல்லா பண்ணியிருந்தேன். வரி முடிவுல 'விடு'ன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு ஒருத்தரோட பதிவு நம்பரைப் போட்டா, அவங்க பேரு அன்னிக்கு யாருக்கும் போகாது. நிறுத்தி வச்சிருக்கிற ஆள் நம்பரை 'சேர்'னு போட்டு அடிச்சா, அவங்களையும் சேர்த்துக்கிட்டு ஓடும். அப்புறம் அந்த ரெண்டுக்கும் வேலையே இல்லாமப் போச்சு, யாருக்காவது முடிஞ்சா மேடமே பேரை எடுத்துருவாங்க. நானும் மறந்தே போனேன்.

இத்தனை நீளத்தை யாரு தினமும் அடிக்கிறது? மேல் அம்புக்குறி, எண்டர். மேல் அம்புக்குறி, எண்டர். காபி டம்ளர் ஒரு கையில இருக்கும், இன்னொரு கை தட்டிரும்.

எனக்கு ஒரு தங்கச்சி, செண்பகவல்லி. அப்பா இல்லை. அம்மா, நான், அவ. அவளுக்கு ஒரு நல்லது பண்ணிட்டு நான் கொஞ்சம் உக்காரணும் சார், வேற ஒண்ணும் வேணாம். அவ ஜாதகத்தை முதல் வேலையா அதுல சேர்த்தேன். விவரம் அம்மா போனுக்கு வர்ற மாதிரி போட்டேன். அம்மா என் ஜாதகத்தையும் கொடுத்துச்சு. அதை என் போன் நம்பரைப் போட்டு ஏத்திட்டு, 'நிறுத்தி வை'ன்னு போட்டுட்டேன். வீட்டுல தங்கச்சியை வச்சுக்கிட்டு எந்த அண்ணனாவது மணவறையில போய் உக்காருவானா? நீங்களே சொல்லுங்க.

கோர்ட்டு வாசல்ல அவளுக்கு ஒரு கடை. டைப்பிங், ஜெராக்ஸ். அவ அடிக்கிறதைப் பார்க்கணும் சார் நீங்க. மனுவைப் பார்த்துக்கிட்டே அடிப்பா, கீபோர்டு பக்கம் கண்ணு போகாது, ஒரு எழுத்து பிசகாது. பக்கத்துல நாலு கடை சும்மா கிடக்கும், வக்கீலுங்க இவ கடையில வந்து நிப்பாங்க. திருப்பிப் படிச்சுப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவாங்களாம். போர்டுல அவ பேரை மட்டும் பெருசா எழுதி வச்சிருக்கா. சாயங்காலம் கடையைப் பூட்டிட்டு அந்த போர்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துட்டுத்தான் ஸ்கூட்டியை எடுப்பா. கல்யாணம் ஆனா இதையெல்லாம் விட்டுட்டுப் போகணுமேன்னு எனக்கே சில நேரம் பாவமாத்தான் இருக்கும். அதுக்கென்ன பண்றது?

அவகிட்ட கேக்கலையான்னு பார்க்குறீங்க. கேக்காம என்ன? "எனக்கு வேணாம்ணே"ம்பா. எந்தப் பொண்ணு சார் எடுத்த எடுப்புல வேணும்னு சொல்லியிருக்கா? மேடமே சொல்லுவாங்க, வேணாம்னு சொல்ற பொண்ணுதான் முதல்ல போகும்னு. இவ ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை, சொல்லிக்கிட்டே இருப்பா. அவ்வளவு கூச்சம்.

இப்படி இருக்கையில எனக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்துட்டேன். ஆபீஸ்ல அதை ஓட்ட ஆள் இல்லை. மேடத்துக்குக் கறுப்புத் திரையைக் கண்டாலே ஆகாது. செண்பகம்தான் சொன்னா, "நான் போறேன்ணே, கோர்ட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள ஓட்டிட்டு வந்துடறேன்"னு. கட்டில்ல படுத்துக்கிட்டே சொல்லிக் கொடுத்தேன். முதல்ல பாம்போட பேரு, அப்புறம் புரோகிராம் பேரு, அப்புறம் மத்ததெல்லாம். ஒரே தடவைதான் சொன்னேன், பிடிச்சுக்கிட்டா. அப்போ ஒரு கேள்வி கேட்டா பாருங்க. "ஏண்ணே, இதுல ஒருத்தரை மட்டும் விட்டுட்டு ஓட்டணும்னா எப்படி?"

எனக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு. ஆபீஸ்ல இத்தனை வருஷமா யாரும் கேக்காத கேள்வி. நான் பண்ணி வச்ச வசதியை ஒருத்தராவது விசாரிச்சாங்களே. காய்ச்சலை மறந்துட்டு எந்திரிச்சு உக்காந்து 'விடு' எப்படிப் போடணும், 'சேர்' எப்படிப் போடணும்னு விளக்கமா சொன்னேன். தலையாட்டிக்கிட்டே கேட்டா.

நான் தேறி வந்தேன். மறுபடி மேல் அம்புக்குறி, எண்டர்.

அதுக்கப்புறம் மூணு வருஷம் சார். ஊர்ல உள்ள பொண்ணுக்கெல்லாம் வரன் வருது. கால் தாங்கி நடக்குற பொண்ணுக்கு வந்துச்சு. ரெண்டாந்தாரத்துக்கு வந்துச்சு. என் தங்கச்சி பேரு மட்டும் அந்தத் திரையில ஒரு நாள்கூட வரலை. தினமும் காலையில அவ பேரைத் தேடுவேன், இருக்காது. அம்மா வாசல்ல நிக்கும், "இன்னிக்காவது வந்துச்சாடா?"ன்னு. இல்லைம்மான்னு சொல்லிச் சொல்லி நாக்கு தேஞ்சு போச்சு. புரோகிராமை எத்தனை தடவை பிரிச்சுப் பார்த்திருப்பேன் தெரியுமா? வரி வரியாப் பார்ப்பேன். ஒரு குறை இருக்காது. சரி, மெஷின் பொய் சொல்லாது, நேரம்தான் சரியில்லைன்னு ஜோசியர்கிட்ட போனேன். ராகு உக்காந்திருக்கான்னாரு. அந்தக் கோயில், இந்தக் கோயில், எலுமிச்சம்பழ விளக்கு, பால் அபிஷேகம். பஸ்ல உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு சார். இன்னிக்கும் அதுக்குத்தான் மாயவரம் பக்கம் போய்க்கிட்டிருக்கேன். கல்யாணத் தடையை நீக்குறதுக்குப் பேர் போன கோயில்.

கொஞ்சம் தண்ணி இருக்குமா? ...நல்லது சார்.

இதுக்கு நடுவுல ஒரு சங்கதி. சொல்லக்கூடாது, மணப்பாறையில இறங்கிட்டா நீங்க யாரோ நான் யாரோ, அதனால சொல்றேன். எங்க ஆபீஸ்ல போன் எடுக்குற பொண்ணு, அமுதான்னு. நல்ல பொண்ணு. ஒருநாள் அவளே கேட்டுட்டா, "நீங்க எப்பங்க பண்ணிக்கப் போறீங்க?"ன்னு. அந்தக் கேள்வியை ஒரு பொண்ணு எதுக்குக் கேப்பான்னு எனக்குத் தெரியாதா? தங்கச்சிக்கு ஆகட்டும், கொஞ்சம் பொறுன்னேன். பொறுத்தா. ஒரு ஆடி போச்சு, இன்னொரு ஆடி போச்சு. அப்புறம் அவங்கப்பாவே வந்து அவ ஜாதகத்தை மேடம்கிட்ட கொடுத்துட்டாரு. மறுநாள் காலையில மேல் அம்புக்குறி, எண்டர். கரூர்ல ஜவுளி வியாபாரம் பார்க்குற மாப்பிள்ளைக்கும் அமுதாவுக்கும் பொருத்தம்னு வந்துச்சு. பார்த்துக்கிட்டே இருந்தேன். காபி ஆறிப்போச்சு. அப்புறம் 'ஆம்'னு அடிச்சேன். வேற என்ன அடிக்கிறது? ஒருத்தர் விவரத்தை நிறுத்துறது தொழில் தர்மம் இல்லையே.

அமுதா விஷயம் செண்பகத்துக்கும் தெரியும், அந்தக் கல்யாணத்துக்கு அவளையும் கூட்டிட்டுப் போனேன். பந்தியில உக்காந்து அவ அழுத அழுகை! தனக்கு ஆகலையேன்னு ஏக்கம், பாவம். வெளிய வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இனிமேலாவது உன்னைப் பாருண்ணே. எனக்காக நிக்காதே. உனக்கு என்னதான் தடை?"ங்குறா. என்ன தடைன்னு என்னையே கேக்குறா பாருங்க. எனக்குக் கோவம்கூட வரலை, அலுப்புதான் வந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் மேல் அம்புக்குறி பட்டன் செத்துப் போச்சு. வேற பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு, அது மட்டும் தேஞ்சு, குறி அழிஞ்சு, உள்ள போய் உக்காந்துக்கிச்சு. வேற வழியில்லாம அந்த நீள வரியை முழுசா நானே அடிச்சேன். எண்டர். வரிசை ஓடுது. திடீர்னு பார்த்தா, செண்பகவல்லி! என் தங்கச்சி பேரு! ஒரு இடம் இல்லை சார், பொருத்தம் மேல பொருத்தம், திரை கொள்ளலை.

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. 'ஆம்' அடிக்கப் போன கையை இழுத்துக்கிட்டேன். ஏன்னா அன்னிக்கு அஷ்டமி. மூணு வருஷம் காத்திருந்துட்டு அஷ்டமியில அனுப்புவேனா? அவளை எடுத்துட்டு மத்தவங்களுக்கு மட்டும் அனுப்புனேன். ஓடிப்போய் புது கீபோர்டு வாங்கியாந்து மாட்டி, மேல் அம்புக்குறியைத் தட்டித் தட்டி பழைய வரிக்குப் போய்ப் பார்த்தேன். வரி நீளம்ல, வால் மடங்கி அடுத்த வரிக்குப் போயிருது. மாத்துறதெல்லாம் தலைப்பக்கம்தான், நான் தலையை மட்டும்தான் பார்ப்பேன், வாலை எவன் பார்த்தான்? அந்த வால்ல நிக்குது, 'விடு'. பக்கத்துல என் தங்கச்சி நம்பர்.

அவ ஓட்டுன நாள்ல பழகிப் பார்க்குறதுக்காக அடிச்சிருக்கா சார். எதுக்கோ ஒரு நம்பர் வேணும்ல, தெரிஞ்ச நம்பரைப் போட்டிருக்கா. அது ஒட்டிக்கிச்சு. நான் மேல் அம்புக்குறியைத் தட்டத் தட்ட தினமும் அதுவும் சேர்ந்து வந்திருக்கு. இவளை விட்டுரு, இவளை விட்டுருன்னு தினமும் காலையில காபியைக் குடிச்சுக்கிட்டே நானே சொல்லியிருக்கேன். இந்த ஒரு பட்டனால மூணு வருஷம் போச்சு. அமுதா போயாச்சு. இப்ப சொல்லுங்க, தட்டாதீங்கன்னு சொன்னது தப்பா?

வீட்டுக்குப் போய் அவகிட்ட விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷத்துல குதிப்பான்னு பார்த்தா, குதிக்கலை. "இத்தனை நாளா நீ அதைப் பார்க்கவே இல்லையாண்ணே?"ன்னா. இல்லைன்னேன். "நீ பார்த்துட்டுத்தான் விட்டு வச்சிருக்கேன்னு நினைச்சேன். என்னைப் புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன். கோயிலுக்குப் போறதெல்லாம் அம்மாவுக்காகன்னு நினைச்சேன்"னா. கண்ணுல தண்ணி. அதாவது, தான் தப்பா அடிச்சது அவளுக்கும் தெரிஞ்சிருக்கு, அண்ணன் பார்த்துத் திருத்திருப்பான்னு ஒரு நம்பிக்கை. தீபாவளிக்கு தீபாவளி தன் காசுல எனக்கு சட்டை எடுத்துக் கொடுத்து, "உன்ன மாதிரி அண்ணன் யாருக்கு வரும்"பா. அவ்வளவு நம்பிக்கை வச்ச பிள்ளை. நான் கோட்டை விட்டுட்டேன்.

"தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"ன்னு கேட்டேன். "சொன்னேன்ணே. எத்தனையோ தடவை சொன்னேன்"ங்குறா. எப்ப சொன்னா? வேணாம் வேணாம்னு சொன்னதுதான் தெரியும், இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரி, அழுகுற பிள்ளைகிட்ட என்னத்தை வழக்காடுறதுன்னு விட்டுட்டேன்.

ஜோசியரைப் பார்த்தேன். மெஷின் தப்புன்னாலும் அது ஏன் இவ நம்பர்ல வந்து ஒட்டணும், அதுதான் ராகுன்னாரு. நியாயமாத்தான் பட்டுச்சு. இன்னிக்கு வளர்பிறை முகூர்த்தம். நான் கோயிலுக்குக் கிளம்பணும், அதே நேரம் ஆபீஸ்ல அதை அவ கையாலயே ஓட்டணும், தடையை வச்ச கையே எடுக்கணும்னு சொல்லிட்டாரு. அவகிட்ட சொன்னேன். முழு வரியையும் ஒரு தாள்ல எழுதித் தரச் சொன்னா. அப்புறம், "என் கையாலதானே? சரிண்ணே, ஓட்டுறேன்"னா. தெளிஞ்சுட்டா சார். காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்திவிட்டு, ஜன்னலோரமா நின்னு இந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தா. எடுத்துக்கங்க.

ஒரு நிமிஷம்... அவதான். ஆயுசு நூறு.

சொல்லும்மா. ஓட்டிட்டியா? ...மேல் அம்புக்குறியைத் தட்டலையே? ...முழுசா நீயே அடிச்சியா? ஒவ்வொரு எழுத்தா? ...கடைசி வரைக்கும் பார்த்தியா, வால் வரைக்கும்? ...சரி. சரிம்மா. ...எனக்கா? எனக்கு எதுக்கு அர்ச்சனை? ...சரி, பண்ணிக்கிறேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? ...சந்தோஷம்தானா? சரி, வை.

முடிஞ்சுது சார். முழு வரியையும் அவளே அடிச்சாளாம். கடைசி எழுத்து வரைக்கும் பார்த்துட்டுத்தான் எண்டரைத் தட்டுனாளாம். எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு கல்லு இறங்குன மாதிரி இருக்கு. "இந்தத் தடவை யாரையும் காக்க வைக்கலைண்ணே, உன் பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணு"ன்னு சொல்றா. எப்பவும் என் நினைப்புதான் அவளுக்கு.

அம்மாவுக்குப் போட்டுப் பார்ப்போம், இதுக்குள்ள விவரம் வந்து கொட்டியிருக்கணும். ...அம்மா, நான்தான். வந்துச்சா? ...ஒண்ணுமே வரலையா? நல்லாப் பாரும்மா. ...ஒண்ணுகூடவா? ...சரி, டவர் சரியா இருக்காது, ஜன்னல்கிட்ட கொண்டு போய் வை.

அது பழைய போன் சார். லேட்டாத்தான் வரும்.

இருங்க, என் போன்ல எதுக்கு மணியடிச்சுக்கிட்டே இருக்கு? எங்க மையத்துல இருந்துதான்... 'அன்புள்ள தெய்வேந்திரன், தங்களுக்குப் பொருந்தும் வரன்'. ஒட்டன்சத்திரத்துல ஒரு டீச்சர். இன்னொண்ணு, பழனி. இது எனக்கு எப்படி வருது? நான்தான் நிறுத்தி வச்சிருக்கேனே. 'சேர்'னு யாராவது போட்டாத்தானே வரும்? இந்தா, இன்னும் வருது பாருங்க. அவ விவரம் அம்மாவுக்கு ஒண்ணுகூட வரலை, எனக்கு வந்து குவியுது.

விடுங்க, ஊருக்குப் போய்த் திருத்திக்கலாம். அவசரத்துல மாத்தி அடிச்சுட்டா, பாவம். என்ன சார் இப்படிப் பார்க்குறீங்க? கோர்ட்டே நம்புற கை சார் அது. எங்க வீட்டு விஷயத்துல மட்டும்தான் தப்பா அடிக்குது.